கேட்போன் சுமை

உலகத்தில் ஒருவர் கூறியதை மற்றொருவர் பிழையின்றிக் கேட்டறிதல் என்றும் எளிதாய் இருந்ததில்லை. இடைநின்ற தூரமும், காற்றும், ஆரவாரமும் சொல்லைச் சிதைப்பன. கம்பியில்லாத் தொடர்பு பெருகியுள்ள இக்காலத்தில் அவ்விடர் ஒழிந்துவிட்டதென எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. நம் கைபேசிக்கு வந்துசேரும் அலையானது கட்டடங்களில் மோதியும், பிற அலைகளோடு கலந்தும், கருவியின் வெப்பத்தால் எழும் இரைச்சலில் தோய்ந்தும் சிதைந்தே வருகின்றது. அச்சிதைவினின்றும் செம்மையான செய்தியை மீட்டுத் தருவது, கைபேசியினுள் மறைந்து நின்று உழைக்கும் பிழைதிருத்துங் கருவியே. அதன் வேலையை விரைவாகவும் குறைந்த நினைவகத்திலும் முடித்துத் தரும் முயற்சியைச் சில்லறைத் தொழிலாகக் கருதுவோர் உளர். அஃது அறிவுலகத்தின் முதன்மையான தொண்டுகளுள் ஒன்று என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவப் புகும் கருத்தாகும்.

இலக்கியம் பயில்வோர்க்கு இதில் யாது தொடர்பு என வினவலாம். தொடர்பு உண்டு. பழைய பனையோலை ஏடுகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. செல்லரித்த இடங்களோ எண்ணில. எழுத்தை மட்டும் நம்பிப் படித்திருப்பின் ஒரு பாட்டும் நேரே விளங்கியிராது. எதுகை இன்ன எழுத்தையே வேண்டும், சீர் இத்தனை அசையே கொள்ளும், தளை இவ்வாறே நிற்கும் என்னும் யாப்பின் கட்டுப்பாடுகளன்றோ சிதைந்த எழுத்தை மீட்டுத் தந்தன? பொருளுக்கு வேண்டிய அளவினும் மிகுதியாகச் செய்யுளில் அமைந்த அவ்வொழுங்கே பிழையைக் காட்டிக்கொடுக்கும் சான்றாயிற்று. எபிரேய வேதாகமத்தைப் படியெடுத்துக் காத்த மசோரெத்தியர் சொற்களையும் எழுத்துக்களையும் எண்ணிக் குறித்து வைத்ததும் இந்நோக்கம் பற்றியதே. பிழைதிருத்தக் குறிமுறைக்கும் அடிப்படை இதுவேயாகும். அனுப்புவோன் சொல்லவேண்டியதனோடு சில சான்றுகளையும் கூட்டி அனுப்புகின்றான். கேட்போன் அச்சான்றுகளைக் கொண்டு சிதைவைத் திருத்திக் கொள்கின்றான். முன்னதைக் குறியமைப்பு என்றும், பின்னதைக் குறியவிழ்ப்பு என்றும் ஈண்டு வழங்குவோம்.

இவ்விரண்டனுள் குறியமைப்பு எளிது, குறியவிழ்ப்பே அரிது. இதனை ஒரு கணக்கால் உணரலாம். 1948-ஆம் ஆண்டில் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர், இரைச்சல் மிகுந்த ஒவ்வொரு வழிக்கும் ஓர் எல்லை உண்டென்றும், அவ்வெல்லைக்குட்பட்ட வேகத்தில் அனுப்பின் பிழையை வேண்டிய அளவு குறைத்துவிடக் கூடுமென்றும் கணித முறையால் நிறுவினார். ஆயின் அவர் காட்டிய முறையில், கேட்போன் தனக்கு வந்த சிதைந்த செய்தியை, அனுப்பப்பட்டிருக்கக் கூடிய எல்லாச் செய்திகளோடும் ஒப்பிட்டு, மிக நெருங்கியது எது எனத் தேர்தல் வேண்டும். இயந்திரங்கள் பேசும் மொழியில் 0, 1 என இரண்டே எழுத்துக்கள். ஒவ்வோர் எழுத்தையும் பிட் என்பர். 100 பிட்டுகள் கொண்ட சிறு செய்திக்கே ஒப்பிடவேண்டிய செய்திகளின் தொகை 31 இலக்கங்கள் கொண்ட பேரெண்ணாம். நொடிக்கு நூறு கோடியாக ஒப்பிட்டாலும் உலகத்தின் வயதும் அதற்குப் போதாது. வாக்குறுதி மெய்யே, அதனை நிறைவேற்றும் வழிதான் அடைபட்டுக் கிடந்தது.

வழி அடைபட்டிருப்பின் மெய்யும் உறங்கிவிடும் என்பதற்கு ராபர்ட் காலகர் என்பாரின் வரலாறே சான்று. 1960-ஆம் ஆண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தாம் அளித்த ஆராய்ச்சியில் அவர் ஒரு புதிய குறிமுறையை வெளியிட்டார். அதில் சான்றுகள் பலவாயினும், ஒவ்வொரு சான்றும் மிகச் சில பிட்டுகளையே தொட்டு நிற்கும். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு இன்று அதனை எல்.டி.பி.ஸி. என வழங்குகின்றனர். ஷானன் கண்ட எல்லையை நெருங்கவல்ல அம்முறை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரும்பாலோரால் மறக்கப்பட்டுக் கிடந்தது. அக்காலத்துக் கணிப்பொறிகளால் அதன் குறியவிழ்ப்பைச் சுமக்க இயலாமையே இதற்குத் தலையாய காரணம். 1990-களின் நடுவில் டேவிட் மக்கே, ராட்ஃபோர்ட் நீல் என்னும் இருவர் அதனை மீண்டும் கண்டெடுத்த பின்னரே அதன் பெருமை வெளிப்பட்டது. ஆகலின், நல்ல குறிமுறையைக் கண்டவனுக்கு உரிய புகழில், அதனைக் கேட்போன் தாங்கக் கூடிய சுமையாக்கித் தந்தவனுக்கும் பங்குண்டு என்க.

இனி, இச்சுமையைக் குறைத்த வழிகள் சிலவற்றை நோக்குவோம். 1971-ஆம் ஆண்டில் செவ்வாய்க் கோளை அடைந்து அதனைச் சுற்றிவந்த மாரினர் 9 என்னும் விண்கலம், ஒவ்வொரு 6 பிட்டுகளையும் 32 பிட்டுகளாக விரித்து அனுப்பிற்று. 32-இல் 7 பிட்டுகள் வரை பிழைபட்டாலும் செய்தியை மீட்கலாம். 6 பிட்டுகளால் அமையக்கூடிய செய்திகள் 64. வந்த செய்தியை அறுபத்து நான்கோடும் இடத்துக்கு இடம் ஒப்பிடின் 2,048 ஒப்பீடுகள் வேண்டும். ஆனால், ஒருமுறை கூட்டிக் கண்ட தொகையை மீண்டும் மீண்டும் பயன்படுத்திக் கொள்ளும் ஒழுங்கான முறையொன்றால், 160 கூட்டல் கழித்தல்களிலேயே அவ்வேலை முற்றும் முடிந்துவிடும். இதனைச் செய்த கருவி, அமைத்தவர் பெயரால் கிரீன் இயந்திரம் என வழங்கப்பெற்றது. இங்கு விடையில் ஒரு மாற்றமும் இல்லை. உழைப்பு மட்டுமே குறைந்தது.

1967-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ விட்டர்பி வெளியிட்ட முறை இன்னும் வியப்பிற்குரியது. சில குறிமுறைகளில், அனுப்பப்படும் ஒவ்வொரு குறியும் இப்போதைய பிட்டையும் அதற்கு முன்வந்த 6 பிட்டுகளையும் தழுவி அமையும். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாகும் அந்தாதியில், ஒரு பாட்டு இடம்மாறின் உடனே தெரிந்துவிடுதல் போல, இங்கும் தொடர்ச்சியே சான்றாகின்றது. முன்வந்த 6 பிட்டுகள் கொள்ளக்கூடிய நிலைகள் 64. செய்தி எத்துணை நீண்டதாயினும், ஒவ்வொரு நிலைக்கும் வந்துசேரும் இரண்டு பாதைகளுள் சிறந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடலாம். கைவிட்டது இனி ஒருகாலும் வெல்லாது என்பது உறுதி. எனவே எண்ணிறந்த பாதைகளுக்கு மாறாக 64 பாதைகளை நினைவில் வைத்தலே போதும். அவற்றின் வரலாற்றையும் தொடக்கம் முதல் வைத்திருக்க வேண்டுவதில்லை. ஏறத்தாழ 35 அடி பின்னோக்கிச் சென்றால் அப்பாதைகள் பெரும்பாலும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. 1977-இல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் தொலைக்கோள்களின் படங்களை நமக்கு அனுப்பியபோது இம்முறையே கைகொடுத்தது. எதனை மறக்கலாம் என்பதைத் தெளிந்து மறத்தலும் ஓர் அறிவன்றோ?

நிற்க. இன்று நம் கைகளில் உள்ள ஐந்தாந் தலைமுறைக் கைபேசிக்கு வருவோம். அதன் செய்திகளுக்குக் காலகரின் முறையும், அவற்றை ஆளும் கட்டளைகளுக்குப் போலார் என்னும் வேறொரு முறையும் கொள்ளப்பட்டுள்ளன. இவற்றுள் முன்னதன் பெரிய அமைப்பில் சான்று விதிகள் 17,664. அவை தழுவும் பிட்டுகள் 26,112. எந்த விதி எந்தப் பிட்டைத் தொடும் என்பதை ஓர் அட்டவணையாக எழுதின் 46 கோடிக்கு மேற்பட்ட கட்டங்கள் வேண்டும். அவற்றுள் தொடர்புடைய கட்டங்களை மட்டும் குறிப்பினும் 1,21,344 குறிப்புக்கள் வேண்டும். ஆனால் இவ்வட்டவணை, 384 வரிசை கொண்ட சிறு சதுரங்களைச் சுழற்றிச் சுழற்றி அடுக்கினாற்போல அமைக்கப்பட்டிருக்கின்றது. எச்சதுரம் எத்தனை இடம் சுழன்றது என்னும் 316 எண்களை வைத்துக்கொண்டால் முழு அட்டவணையும் கைக்கு வந்துவிடும். ஒரே காலத்தில் 384 கணக்குகளை அருகருகே செய்துகொள்ளவும் இவ்வமைப்பு இடந்தருகின்றது. அமைப்போன், கேட்போனை நினைந்து அமைத்தான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

கேட்போன் பக்கத்திலும் சிக்கனம் உண்டு. ஒரு விதியின்கீழ் 19 பிட்டுகள் நிற்கின்றன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் 'யான் 0', 'யான் 1' என்று தன் கருத்தையும், அக்கருத்தின் உறுதியையும் கூறுகின்றது. விதியானது ஒவ்வொரு பிட்டிற்கும், 'ஏனையோர் கூற்றை நோக்க நீ இன்னதாதல் வேண்டும்' என்று விடையிறுக்கின்றது. அவ்விடையின் உறுதியை நுட்பமாகக் கணக்கிடுதல் பெரிய வேலை. ஆனால் ஏனையோருள் மிகவும் ஐயமுற்றவன் உறுதியினும் அவ்விடையின் உறுதி மிகாது என்பது தெளிவு. ஆகவே அச்சிறுமத்தையே விடையாகக் கொள்ளலாம். அங்ஙனம் கொள்ளின், 18 பிட்டுகளுக்கும் செல்லும் உறுதி எல்லாவற்றினும் சிறிய எண்ணே. மிகச் சிறிய உறுதியைக் கூறிய அந்த ஒன்றற்கு மட்டும் இரண்டாவது சிறிய எண். ஒவ்வொரு விடைக்கும் 6 பிட்டுகள் என வைத்துக்கொண்டால் பத்தொன்பதற்கும் 114 பிட்டுகள் நினைவகத்தில் வேண்டும். இம்முறையிலோ இரண்டு எண்களுக்கு 10, சிறியது எவ்விடத்தது என்பதற்கு 5, குறிகளுக்கு 19 ஆக 34 பிட்டுகளே போதும். மேலும், ஒரு பகுதியில் கிடைத்த திருத்தத்தை அடுத்த பகுதி உடனே பயன்படுத்திக் கொள்ளுமாயின் சுற்றுக்களின் தொகையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது. எல்லா விதிகளும் பொருந்திய அக்கணமே வேலையை நிறுத்திவிடின் இன்னும் மிச்சமாம்.

போலார் முறையைத் துருக்கி நாட்டு அங்காரா நகரத்திலுள்ள பில்கெந்த் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்தால் அரிகான் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் குறியவிழ்ப்பு ஒரு பிட்டின்பின் ஒரு பிட்டாகச் செல்வது. 1,024 நீளமுள்ள செய்திக்கு, இடைக்கணக்குகளை எல்லாம் எழுதி வைப்பின் 11,264 எண்களுக்கு இடம் வேண்டும். ஒவ்வொரு படியிலும் இனித் தேவைப்படாததை அழித்து அவ்விடத்திலேயே புதியதை எழுதின் 2,047 எண்களுக்கு இடமிருந்தாற் போதும். ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதனால் முதலில் நேர்ந்த தவறு பின்னும் தொடரும் என்னும் குறை அதற்கு உண்டு. இதனைப் போக்க இடோ தால், அலெக்ஸாண்டர் வார்டி என்னும் இருவர், ஒரே முடிவைப் பற்றி நில்லாது ஐயமுள்ள பாதைகள் சிலவற்றை உடன்கொண்டு செல்லும் முறையைக் கண்டனர். பாதைகள் 8 ஆயின் நினைவகமும் வேலையும் ஏறத்தாழ அம்மடங்கு பெருகும். பெருகிய அச்சுமையை மீண்டும் குறைக்கவே இன்று பல நாட்டு அறிஞர்கள் முயன்று வருகின்றனர்.

இம்முயற்சிக்கு எதிராகக் கூறப்படும் வாதங்கள் இரண்டு. நினைவகம் ஆண்டுதோறும் மலிந்து வருகின்றதாதலின், எண்களை எண்ணி எண்ணிச் சேமித்தல் கஞ்சத்தனமே என்பது ஒன்று. இவ்வாதம் பொருந்தாது. என்னை? விலை மட்டுமே செலவன்று. ஓர் எண்ணை நினைவகத்தினின்றும் எடுத்தலும் மீள வைத்தலும், அவ்வெண்ணைக் கூட்டுதலினும் பெரும்பாலும் மிகுதியான மின்னாற்றலை உண்பன. கைபேசியின் மின்கலமோ சிறிது. அதன் வெப்பத்தைத் தாங்குவது நம் உள்ளங்கை. ஐந்தாந் தலைமுறைக்கு வகுக்கப்பட்ட உச்ச வேகம் நொடிக்கு 2,000 கோடி பிட்டுகள். அவ்வேகத்தில் ஒவ்வொரு பிட்டிற்கும் வீணாகும் சிறு துளியும் பெருவெள்ளமாகிவிடும். அன்றியும், விலையுயர்ந்த கருவியை வாங்க வல்லாருக்குச் சிக்கனம் ஒரு வசதி; வயலிலே ஈரத்தை அளக்கும் சிறு கருவிக்கும், ஒரு மின்கலத்தோடு பல்லாண்டு உழைக்க வேண்டிய மீட்டருக்கும், எளியவர் வாங்கும் மலிந்த கைபேசிக்கும் அதுவே உயிர். நன்றாய்க் கேட்கும் உரிமை செல்வர்க்கே உரியதாதல் ஒவ்வாது. ஏழைக்கும் தெளிவான செய்தி சேர வேண்டுமாயின் கேட்டலின் செலவு குறைந்தே தீர வேண்டும்.

இரண்டாவது வாதம் இதனினும் வலியது. சிறுமத்தை விடையாகக் கொள்ளுதல் போல்வன தோராயக் கணக்குகள். தோராயம் உண்மைக்கு இழுக்கன்றோ என்பர். இதற்கு யாம் கூறும் விடை: சிக்கனம் செய்யத் தக்க இடமும் உண்டு, தகாத இடமும் உண்டு. வழியிலே கொள்ளும் தோராயம் குற்றமாகாது. அதனால் வரும் சிறு குறைவைக்கூட, கிடைத்த எண்ணைச் சற்றுக் குறைத்துக் கொள்ளுதலால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஆனால் முடிவிலே நின்று, 'இது மெய்யான செய்தியா?' என வினவும் காவலனை ஒருபோதும் நீக்கலாகாது. பெரிய செய்திகளின் ஈற்றில் 24 சரிபார்ப்புப் பிட்டுகள் இதற்கெனவே சேர்க்கப்படுகின்றன. தாறுமாறாய்ச் சிதைந்த செய்தியொன்று அக்காவலனை ஏய்த்து நுழைவது ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சத்தில் ஒருமுறையே. அக்காவலன் மறுத்தால் கருவியானது, 'எனக்கு விளங்கவில்லை. மீண்டும் கூறுக' என்று அனுப்புவோனைக் கேட்கின்றது. முன்வந்த சிதைந்த செய்தியையும் எறிந்துவிடாது, பின்வந்ததோடு சேர்த்து நோக்குகின்றது. விரைவை விரும்பி இக்காவலைத் தளர்த்துவோன் சிக்கனம் செய்பவன் அல்லன். பொய்க்கு வாயில் திறப்பவன். விளங்காததை விளங்கிற்று எனக் கூறும் கருவியினும், விளங்கவில்லை என்று ஒப்பும் கருவியே நம்பத் தக்கது. மனிதருக்கும் இது பொருந்தும்.

ஈண்டு இன்னோர் உண்மையையும் நம் கல்லூரி மாணவர் சிந்தித்தல் நலம். கைபேசிகளுக்கென உலக நாடுகள் கூடி வகுத்த விதிநூல், குறியமைப்பை எழுத்துக்கு எழுத்து வரையறுக்கின்றது. குறியவிழ்ப்பை அவ்வாறு வரையறுக்கவில்லை. இன்ன அளவு செம்மையாகக் கேட்டல் வேண்டும் என்று மட்டும் கூறி, எவ்வாறு கேட்பது என்பதைக் கருவி செய்வோரிடமே விட்டுவிடுகின்றது. பேசுவோன் கட்டுப்பட்டவன்; கேட்போன் சுதந்தரன். ஆகவே இத்துறையில் புதுவழி காண்பதற்குப் பேராலைகளும் பெருஞ்செல்வமும் முதற்கண் வேண்டா. தாளும் எழுதுகோலும் ஒரு சிறு கணினியும் பொறுமையும் உடைய மாணவன் எவனும் தொடங்கலாம். நம் நாட்டில் கருவியை வாங்கிப் பயன்படுத்துவோர் பலர். அதனுள் நிகழும் கணக்கை ஆராய்வோர் சிலர். கணிதமும் பௌதிகமும் பயிலும் நண்பர்கள் இக்குறையைத் தீர்க்க முன்வருவார்களாக. விடையொன்று கிடைத்தவுடன் நின்றுவிடாது, அவ்விடையை இன்னும் குறைந்த உழைப்பில் பெற முடியுமா என வினவும் வழக்கத்தை ஆசிரியர்களும் வகுப்பறையிலேயே வளர்ப்பார்களாக.

தமிழ் எழுத்தில் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் வேறுபடுத்திக் காட்ட வீரமாமுனிவர் வகைசெய்தார் என்பதை நாம் அறிவோம். அதனால் எழுதுவோனுக்கு நேர்ந்தது ஒரு சிறு சுழிப்பே. படிப்போன் தயங்கி நின்ற இடங்களோ எண்ணிறந்தன நீங்கின. கேட்போன் சுமையைத் தன் சுமையாக எண்ணும் அன்பே அச்செயலுக்கு வேர். நினைவகத்தில் நூறு பிட்டுகளைக் குறைப்பதற்காக இரவு பகலாக முயலும் அறிஞனுடைய பெயர் நாள்தாள்களில் வருவதில்லை. ஆயினும் தொலைவிலுள்ள மகன் குரல் ஏழைத் தாயொருத்தியின் மலிந்த கைபேசியில் தெளிந்து ஒலிக்கும் போதெல்லாம் அவன் உழைப்பும் உடன் ஒலிக்கின்றது. ஒருவர் சுமையை ஒருவர் தாங்கவேண்டும் எனக் கற்பிக்கும் கல்லூரியில் பயிலும் நாம், அவ்வுழைப்பைச் சிறிதென எண்ணாதிருப்போமாக.